பான்ஷீ எஞ்சினுக்கு எதை வாங்குவது, எதை விடுவது: மலையில் ஓட்டுபவருக்கு ஒரு பதில்

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. யமஹா பான்ஷீ 350 ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ரேஸுக்கென்றே பிறந்த குவாட், அதாவது நான்கு சக்கர மண்பாதை வண்டி. ஓட்டப்போவது மாமாவின் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கோயம்புத்தூர்ப் பக்கம் மண் ட்ராக்கில் நண்பர்களோடு போட்டி. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஸ்ட்ரோக்கர் கிராங்க் (பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டும் கிராங்க்), 34 எம்எம் கார்புரேட்டர், ரேஸ் பைப் மூன்றையும் சேர்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிடலாமா? இல்லையென்றால் எதில் தொடங்குவது? வீடியோக்களில் பார்த்துப் பிடித்த பைப்பின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். சத்தத்தைப் பற்றியும் கடைசியாக ஒரு வரி கேட்டிருக்கிறார்.

தம்பி, மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டாம். அந்த மூன்றில் இரண்டு உங்களுக்குத் தேவையே இல்லை. மூன்றாவதில் எந்த வகை என்பதுதான் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் எஞ்சின் வேலை செய்யப்போகும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்த வீடியோக்களில் எல்லோரும் மணல்மேட்டில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்குச் சரியாக இருக்கும் சாமான் தேயிலைச் சரிவில் சரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மேட்டுப்பாளையத்தில் எஞ்சின் ஒருமுறை மூச்சிழுத்தால் உள்ளே போகும் காற்றில், கோத்தகிரியில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஊட்டியில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு சக்தியும் குறையும். இதற்கு எந்தப் பாகமும் முழுப் பரிகாரம் ஆகாது. காற்று குறையும்போது கார்புரேட்டர் பெட்ரோலையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், ஆனால் போதுமான அளவு குறைக்காது. அதனால் மலையில் கலவை ரிச்சாகி (காற்றுக்குப் பெட்ரோல் கூடிப்போய்), எஞ்சின் கமறும், பிளக் கறுக்கும். மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகை, குறைத்தால் சரியாகும். இது எல்லோருக்கும் தெரியும். திரும்பி இறங்கும்போது நடப்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

எனக்கு இது ஒரு சிலிண்டர் விலையில் புரிந்தது. அப்போது குன்னூரில் ஆர்எக்ஸ் 135 எஞ்சினை ஒரு மண் ட்ராக் வண்டியில் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து, ஜெட்டை ஒவ்வொன்றாக மாற்றி, பிளக் நிறம் பால் கம்மியாகப் போட்ட டீ மாதிரி வரும்வரை சரிசெய்தேன். பிறகு வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு பர்லியாறு வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். நல்ல வெயில். முதல் சுற்றில் வண்டி இதுவரை ஓடாத ஓட்டம் ஓடியது. கலவை லீன் ஆகும்போது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும்போது, எஞ்சின் சாகும் முன் அப்படித்தான் குஷியாக இருக்கும். மூன்றாவது சுற்றில், நீண்ட நேர்பாதையின் நடுவில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கோடு. தப்பு என்னுடையதுதான். பெரிய ஜெட் என் பையிலேயே இருந்தது.

பான்ஷீயில் இதையே எண்ணாகச் சொல்கிறேன். வண்டி வந்தபடியே இருந்தால் இரண்டு 26 எம்எம் மிக்குனி கார்புரேட்டர், மெயின் ஜெட் 200. வேறு பைப் போட்டு, ஏர் பாக்ஸ் மூடியைத் திறந்துவிட்டால் சமவெளியில் 280 வாக்கில் தொடங்குவார்கள். மேட்டுப்பாளையத்தில் 280 சரியாக இருந்தால் கோத்தகிரியில் 260க்குப் பக்கத்தில் வரும். எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள், சிறியதில் தொடங்கி ஏற்றாதீர்கள். ரிச்சாக இருந்தால் ஒரு பிளக் போகும், லீனாக இருந்தால் ஒரு பிஸ்டன் போகும். பிளக் பார்ப்பதை ஏற்றத்தில் செய்யுங்கள். முழு த்ராட்டிலில் ஏறி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சும்மா ஐடிலில் ஓட்டி வந்து பார்க்கும் நிறம் மெயின் ஜெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆக, முதலில் வாங்க வேண்டியது 240 முதல் 300 வரை பத்துப் பத்தாக ஜெட், ஒவ்வொன்றிலும் இரண்டு. மிகச் சின்னச் செலவு. ஒரிஜினல் மிக்குனியாகப் பாருங்கள். எண் அச்சடித்த போலி ஜெட்டில் துளை ஒன்று, எண் ஒன்றாக இருக்கும்.

அடுத்தது, அதே அளவுக்கு முக்கியமானது, எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. பான்ஷீ அமெரிக்காவில் விற்றது 1987 முதல் 2006 வரை. உங்களுடையது எந்த வருடத்தது என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் ஆயில் சீல் பழசு. (அது எந்த வழியாக நீலகிரி வந்து சேர்ந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.) டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். மேக்னட் பக்கத்துச் சீல் கசிந்தால் அங்கே காற்று புகுந்து கலவை லீன் ஆகும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை வரும். இன்டேக் ரப்பர் இரண்டையும் இணைக்கும் குழாய் ஒன்று உண்டு. அது வெடித்திருந்தாலும் இதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க லீக் டெஸ்ட் செய்ய வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட் வழிகளை ரப்பர் அடைப்பு வைத்து மூடி, சைக்கிள் பம்ப் போல ஒன்றால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, 6 நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்பு நுரை தடவிக் கசியும் இடத்தைப் பிடிக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பைப் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் பூ சுற்றுவது மாதிரி. கூடவே கிராங்க் ராடின் ஆட்டம், பிஸ்டன் இடைவெளி, தண்ணீர் பம்ப் இம்பெல்லர் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். ஒன்றரை லட்சத்தில் பாதியைத் தொடாமல் இந்த வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். மிச்சம் வந்தால் சந்தோஷம்.

பிஸ்டன் மாற்ற வேண்டி வந்தால் ஃபோர்ஜ்டா (அடித்து உருவாக்கியது) காஸ்ட்டா (வார்த்தது) என்று ஒரு குழப்பம் வரும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் உறுதியானது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் இடைவெளி கூடுதலாக வைப்பார்கள். ஜனவரியில் புல்மேல் உறைபனி நிற்கும் காலையில் கிக் அடித்தவுடன் முறுக்கினால், சிலிண்டர் விரியும் முன்பே பிஸ்டன் விரிந்து நான்கு இடத்தில் பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் குழாய் கைக்குச் சுடும்வரை காத்திருக்கப் பொறுமை இருந்தால் ஃபோர்ஜ்டு. நண்பர்கள் கையிலும் வண்டி போகும் என்றால் நல்ல காஸ்ட் பிஸ்டன். போரிங்குக்குக் கோயம்புத்தூரில் ஆள் பஞ்சமே இல்லை. ஆனால் பிஸ்டனைக் கையோடு எடுத்துப் போய், அதை அளந்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். பிஸ்டன் வரும் முன் சிலிண்டரைக் கடைந்துவிடாதீர்கள். போர்ட்டின் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் வாசல்) விளிம்புகளைச் சாய்வாக உரசினார்களா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் பிஸ்டன் ரிங் மாட்டிக்கொண்டு உடையும்.

இனி சக்திக்கு வருவோம்.

முதல் சக்திப் பாகம் பின்பக்கச் செயினில் இருக்கிறது. பான்ஷீ வருவது 14 பல் முன் ஸ்ப்ராக்கெட், 41 பல் பின் ஸ்ப்ராக்கெட்டோடு. முன்னால் 13 பல் போடுங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவை எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். மலைக்காற்று தின்ற எட்டில் ஒரு பங்கில் பாதிக்கு மேல் இதிலேயே திரும்பக் கிடைத்துவிடுகிறது. உச்ச வேகம் குறையும்தான். கொண்டை ஊசிக்கு நடுவில் உச்ச வேகத்தை எங்கே வைத்து ஓட்டப்போகிறீர்கள்? இதைச் சொன்னால் ஏனோ யாருக்கும் பிடிப்பதில்லை. பளபளவென்று தெரியாத சாமான் என்பதால் இருக்கலாம்.

இரண்டாவது, சிலிண்டரை மேலே மூடும் ஹெட். இங்கே மலைக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. காற்று குறைவு என்பதால் அழுத்தத்தைச் சமவெளிக்காரரைவிடக் கூட்டி வைத்துக்கொள்ளலாம், பெட்ரோல் தாங்கும். மேட்டுப்பாளையத்தில் கம்ப்ரஷன் கேஜில் 120 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் கோத்தகிரியில் 100 வாக்கில்தான் காட்டும். எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று பயந்து ரிங் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பான்ஷீக்குக் கழற்றி மாட்டும் டோம் உள்ள ஹெட் கிடைக்கிறது. மேலே ஒரு மூடி, உள்ளே சிலிண்டருக்கு ஒன்றாக அலுமினிய டோம். டோமின் கொள்ளளவு குறைந்தால் அழுத்தம் கூடும். ஸ்ட்ரோக் மாற்றாத எஞ்சினில் பங்க் பெட்ரோலுக்குச் சமவெளியில் 21 அல்லது 22 சிசி வைப்பார்கள். நம் உயரத்தில் 19கூட ஓடும். உங்களுக்கு நான் 20 சொல்வேன். கூடவே 22இல் ஒரு ஜோடி. கோயம்புத்தூர் போகும் முதல் நாள் மாலை டோமையும் ஜெட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலன்ட் வடித்து, நட் கழற்றி, ஓ ரிங் பார்த்து மாட்ட ஒரு மாலைப்பொழுது போதும். மலை டோமோடு சமவெளியில் ஓட்டினால் எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும். கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் விளிம்பை எலி கரண்டின மாதிரி இருக்கும்.

டோம் போடும்போது ஸ்குவிஷ் இடைவெளியை (பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் டோமுக்கும் நடுவில் மிஞ்சுவது) அளக்காமல் மூடாதீர்கள். பிளக் துளை வழியாக மெல்லிய சால்டர் கம்பியைச் சிலிண்டர் சுவர்வரை விட்டு, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரால் அளக்க வேண்டும். 1.1, 1.2 மில்லிமீட்டர் நல்லது. ஒன்றுக்குக் கீழே போனால் அதிக ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஹெட்டைத் தொடும் அபாயம். ஒன்றரைக்கு மேலே போனால் ஓரத்தில் நிற்கும் கலவை சரியாக எரியாமல் நாக் அடிக்க வழி வைக்கும். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, நாலு டிகிரி முன்னே தள்ளும் தட்டும் விற்கிறார்கள். த்ராட்டிலுக்கு எஞ்சின் சட்டென்று பதில் சொல்லும். ஆனால் டோமும் டைமிங்கும் ஒரே நாளில் வேண்டாம். எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும்.

மூன்றாவதுதான் பைப். டூ ஸ்ட்ரோக்கில் பைப் வெறும் புகைக்குழாய் இல்லை, அது பாதி எஞ்சின். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடும். விரிந்துகொண்டே போகும் கூம்பில் அது சிலிண்டரிலிருந்து பழைய புகையை உறிஞ்சும், கூடவே புதுக் கலவையும் கொஞ்சம் வெளியே வந்துவிடும். பின்னால் சுருங்கும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, வெளியே வந்த கலவையை, போர்ட் மூடும் முன் உள்ளே தள்ளிவிடும். அலை திரும்பும் நேரமும் போர்ட் மூடும் நேரமும் பொருந்தும் ஆர்பிஎம்மில்தான் 'பவர் பேண்ட்' அடிக்கிறது, எஞ்சின் சட்டென்று முழுச் சக்தியோடு எழுகிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது பைப்பின் நீளமும் கூம்பின் வடிவமும்தான். நீளமான பைப் கீழ் ஆர்பிஎம்மில் உதவும், குட்டையானது மேலே.

நம் ஊர் ராஜ்தூத் 350 நினைவிருக்கும். அதற்கும் பான்ஷீக்கும் போர் (சிலிண்டர் விட்டம்) 64, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 54 மில்லிமீட்டர் என்று ஒரே கணக்கு. அது காற்றால் குளிர்வது, இது தண்ணீரால். (அதற்காகப் பிஸ்டன் மாறிப் பொருந்தும் என்று பழைய சாமான் கடைக்கு ஓட வேண்டாம்.) அந்த ராஜ்தூத்தில் ஹை டார்க் என்ற மாடலுக்கு 30.5 குதிரைச் சக்தி, லோ டார்க் மாடலுக்கு 27. ஒரே சிசி, ஒரே கிராங்க். புகை வெளியேறும் வழியில் கைவைத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. வெளியேறும் வழி எவ்வளவு பேசும் என்று பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மேல் ஆர்பிஎம்முக்கான பைப். நேர்பாதையில் இழுத்து ஓட்டுபவருக்கு அது சரி. தேயிலைப் பாதையில், வளைவில் வேகம் குறைத்து இரண்டாவது கியரில் வெளியே வரும்போது எஞ்சின் அந்த பேண்டுக்குக் கீழே கிடக்கும். கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்துத்தான் ஏற வேண்டும். ஈரச் செம்மண்ணில் திடீரென்று பேண்ட் அடித்தால் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும். எஃப்எம்எஃப் ஃபேட்டி மாதிரி கீழும் நடுவும் நிறைந்த பைப் வாங்குங்கள். டூமி டி5 நடுவிலிருந்து மேலே இன்னும் கொஞ்சம் ஓடும். ட்ராக் நாட்களே அதிகம் என்றால் அதைப் பார்க்கலாம். இரண்டுமே பழுதில்லாமல் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். சின்ன நசுங்கல் பரவாயில்லை. சிலிண்டரோடு சேரும் இடமும் மாட்டும் காதுகளும் வெடிக்காமல் இருந்தால் சரி.

கலவையை உள்ளே விட்டு, திரும்ப வெளியே விடாமல் தடுக்கும் ரீட் வால்வுக்குக் கார்பன் இதழ் போட்டால் போதும். நுனி பிளந்த பழைய இதழை மாற்றினாலே கீழ் ஆர்பிஎம்மில் வித்தியாசம் தெரியும். வி ஃபோர்ஸ் மாதிரி முழு ரீட் கேஜ் நல்ல சாமான்தான், பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

34 எம்எம் கார்புரேட்டர் வேண்டவே வேண்டாம். வாய் பெரிதானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோலை உறிஞ்சும் இழுப்பும் குறையும். மெல்லிய மலைக்காற்றில் அந்த இழுப்பு ஏற்கெனவே குறைவு. கீழே கமறிக்கொண்டே இருக்கும் வண்டிதான் கிடைக்கும். உள்ள 26ஐக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த நீடிலும் ஸ்லைடும் இருந்தால் மாற்றுங்கள். அவற்றின் மேல் மூடியில் யமஹா வைத்த பாதுகாப்புச் சுவிட்ச் உண்டு. த்ராட்டில் சிக்கிக்கொண்டால் எஞ்சினை அணைப்பதற்கானது. தொல்லை என்று அதை நிறையப் பேர் பிடுங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே பிடுங்கியிருந்தால், கையில் கயிறு கட்டும் கில் சுவிட்ச் போடாமல் வண்டியில் உட்காராதீர்கள். உங்கள் பாதைக்குப் பக்கத்தில் தடுப்புச்சுவர் இல்லை.

ஏர் ஃபில்டரில் ஆசைப்பட்டு, ஏர் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே தெரியும் கூம்பு ஃபில்டர் மாட்டாதீர்கள். பிப்ரவரியில் புழுதி, ஜூலையில் மூடுபனி, இரண்டும் நேராக உள்ளே போகும். பெட்டி இருக்கட்டும், மூடியை மட்டும் எடுத்துவிட்டு எண்ணெய் தடவிய ஃபோம் ஃபில்டர் போடுங்கள்.

ஸ்ட்ரோக்கர் கிராங்க் 4 எம்எம் கூடுதல் என்றால் ஸ்ட்ரோக் 58, கொள்ளளவு 373 சிசி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எஞ்சினைப் பிளக்க வேண்டும், போர்ட் டைமிங் மாறும், அதற்கேற்ற டோம் வேண்டும், பிறகு கிளட்ச் தாங்காது. உங்கள் ஒன்றரை லட்சம் அதிலேயே கரைந்து, பெட்ரோலுக்குக் கடன் வாங்குவீர்கள். பழைய கிராங்க் நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். ஆட்டம் இருந்தால் அதையே ரீபில்ட் செய்யுங்கள். போர்ட்டிங்கும் இப்போது வேண்டாம். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் கீழ் இழுவை போகும், சுரண்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

கிளட்சுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டு, பிளேட் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பைப்பும் டோமும் சேர்ந்தால் பழைய ஸ்பிரிங் ஏற்றத்தில் வழுக்கும்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் அதே ஜெட்டில் கலவை லீன் ஆகும். எத்தனால் இல்லாத பெட்ரோலில் ஓட்டிய பழைய பட்டியலைப் பார்த்து ஜெட் எண்ணைத் தேர்ந்தால் ஏழெட்டு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரையும் அது இழுக்கும். நம் மூடுபனியில் மூடி சரியில்லாத கேனில் ஒரு மாதம் வைத்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், பெட்ரோலில் கலந்த டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) மேலேயே தங்கிவிடும். அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். பான்ஷீயில் ஆர்எக்ஸ் போலத் தனி ஆயில் டேங்க் கிடையாது, கையால்தான் கலக்க வேண்டும். லிட்டருக்கு 30 மில்லிக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 32க்கு 1. நல்ல சிந்தெடிக் ஆயிலாக இருக்கட்டும்.

இதிலிருந்து மலைக்கே உரிய ஒரு ஆபத்து வருகிறது. ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் த்ராட்டிலை முழுக்க மூடி, கீழ்க் கியரில் எஞ்சின் பிரேக்கில் அலறவிட்டு இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டே எண்ணெய்க்குக் காய்ந்து கிடக்கும். புல்லட்டிலும் ஸ்ப்ளெண்டரிலும் சரியான பழக்கம் இதில் பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். பிரேக்கில் இறங்குங்கள். நடுநடுவே கிளட்சைப் பிடித்து த்ராட்டிலை ஒரு சிட்டிகை திறந்து மூடுங்கள். த்ராட்டில் மூடியிருக்கும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைக் கொஞ்சம் ரிச்சாகவே விடுங்கள்.

சத்தம். பைப்பின் பின்னால் வரும் சைலன்ஸருக்குள் கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கும். எண்ணெய் குடித்து அது கறுத்துப்போனால் சத்தம் இரண்டு மடங்கு ஆகும், இழுவையும் குறையும். சீசனுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இந்த வண்டி ரோட்டுக்கு ஆனது இல்லை. சோலை ஓரமும் புல்வெளியும் வேண்டாம், தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் பக்கத் தேயிலையில் காட்டெருமை நிற்கும். வளைவில் அதன் முன்னால் போய் நின்றால் 13 பல்லா 14 பல்லா என்று அது பார்க்காது.